பதினாறு ஆம்பியர்

மாலை நான்கு மணிக்குச் சாவித்திரி போலீஸ் ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

அவளை அங்கே அனுப்பியது குருபிரசாத்தின் கையெழுத்து. சால்ட் லேக்கில் தமிழ் பேங்க் அதிகாரிகள் சேர்ந்து கட்டிய ஹவுசிங் சொசைட்டி. அதில் ஜெய்ராம் வீட்டுப் பின்னறையில் போன வாரம் தீப்பிடித்தது. ஜன்னல் வழியாக ஏறி மேல்வீட்டு ஏ.சி.யைத் தின்றது. மறுநாள் சொசைட்டி செயலாளர் சீதாராமன் குருபிரசாத்தைக் கூப்பிட்டார். யார் காரணம் என்று கேட்டார். துப்பறிவாளர் குருபிரசாத் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். சமையல் வேலை செய்யும் சாவித்திரி. தண்ணீர் காய்ச்சும் ராடைச் சின்னப் பாயிண்டில் சொருகியிருக்கிறாள்.

அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீதாராமன் அதைக் கொண்டுபோய்ப் புகார் கொடுத்தார். அந்தச் சொசைட்டியில் சாவித்திரி வேலை பார்த்த எல்லா வீடுகளும் அவளை நிறுத்திவிட்டன.

கேஸ் முடிந்தது. அந்தப் பின்னறையிலிருந்து எடுத்து வந்த கெட்டில் ஒன்று மட்டும் ஆபீஸில் மிச்சம்.

ஆபீஸ் ஜாதவ்பூரில், பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு இனிப்புக் கடையின் மாடியில் இருந்தது. குருபிரசாத் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மின்விசிறி நின்றது.

"கரண்ட் போச்சா?"

"போகலை சார். ட்ரிப் ஆயிடுச்சு," என்றாள் மேக்னா.

மேக்னா அவருடைய உதவியாளர். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். திட்டுவது பெங்காலியில், கணக்குப் போடுவது இங்கிலீஷில், லீவு கேட்பது மட்டும் சுத்தத் தமிழில். அவள் கையில் அந்தக் கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அது எவிடென்ஸ், மேக்னா."

"எவிடென்ஸ் இல்லை. இதுக்கும் தீக்கும் சம்பந்தம் இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க. நிரபராதி கெட்டில். வெளிய வந்தப்புறம் ஒரு டீ போடக்கூடாதா?"

"ஒயர் கருகி அறுந்துதானே கிடந்தது?"

"கீழ மிஷ்டிக் கடைல ஒருத்தன் பூஜைக்கு சீரியல் லைட் கட்டிட்டிருக்கான். புது பிளக் போட்டுக் குடுத்தான். பாருங்க, சும்மா சொல்லக்கூடாது. டீத்தூள் டப்பாவை நான் திறக்கலை, அதுக்குள்ள தண்ணி கொதிச்சிடுச்சு. அப்புறம் ஃபேன் நின்னுடுச்சு."

குருபிரசாத் பேப்பரை மடித்தார்.

"வேற என்ன ஓடிட்டிருந்தது? ஏ.சி.?"

"இந்த ஆபீஸ்ல ஏ.சி.யா? கனவுல இருக்கீங்களா, காக்கு?"

காக்கு என்றால் சித்தப்பா. கிண்டல் செய்யும்போது மட்டும் அவள் உறவு கொண்டாடுவாள்.

அவர் எழுந்து போய் சுவிட்ச் பெட்டியைப் பார்த்தார். பத்து ஆம்பியர் வரை தாங்கும் சுவிட்ச் அது. அதன் பிடி கீழே இறங்கியிருந்தது. கெட்டிலைத் தூக்கி அடியைப் பார்த்தார். புகைக்கரி அப்பியிருந்தது. அதன் நடுவே ஒரே ஒரு எண் தெரிந்தது. ஆயிரம் வாட்.

அந்த எண்ணைத்தான் அவர் அன்றைக்கும் பார்த்தார். ஆயிரத்தை இருநூற்று முப்பதால் வகுத்தார். நாலேகால் ஆம்பியர். பின்னறையில் இருந்தது ஆறு ஆம்பியர் பாயிண்ட். தாராளமாகத் தாங்கும். ஆகவே கெட்டில் இல்லை. பக்கத்துக் குளியலறையில் இரண்டாயிரம் வாட் ராடு தொங்கியது. தீப்பிடித்தபோது பின்பால்கனியில் சாவித்திரி இருந்தாள். அவள் உள்ளங்கையில் கொப்புளம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள் என்று சீதாராமன் சொன்னார். திரையைப் பிடித்து இழுத்தபோது கை சுட்டது என்று அவள் சொன்னாள். அவர் நம்பவில்லை.

நாலேகால் ஆம்பியர் எடுக்கும் கெட்டிலுக்கு இந்தச் சுவிட்ச் ஏன் விழ வேண்டும்?

"இன்வெர்ட்டர் பாட்டரியைக் கொண்டா," என்றார்.

"அது என்னை விட கனம்."

"அப்ப கெட்டிலை அங்க கொண்டு போ."

மல்டிமீட்டரில் மின்தடையை ஓம் கணக்கில் காட்டும் பகுதி மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. ஆம்பியர் மட்டும் காட்டும். குருபிரசாத் பாட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்துக் கெட்டிலோடு சேர்த்தார். நடுவில் மீட்டர். மேக்னா மண்டியிட்டுப் படித்தாள்.

"பூஜ்யம் பாயிண்ட் எட்டு மூணு."

"பாட்டரி பன்னிரண்டு வோல்ட். அவ்வளவு தள்ளியும் உள்ள போறது பாயிண்ட் எட்டு மூணு ஆம்பியர்தான். பன்னிரண்டை அதால வகு."

"பதினாலரை."

"பதினாலரை ஓம். கெட்டில் கம்பியோட எதிர்ப்பு அது. நீ எத்தனை வோல்ட் குடுத்தாலும் அது அப்படியேதான் இருக்கும்."

"எங்கம்மா மாதிரி."

"இப்ப சுவர்ல சொருகு. இருநூத்து முப்பது வோல்ட். பதினாலரையால வகு."

அவள் போனில் தட்டினாள். "கிட்டத்தட்ட பதினாறு ஆம்பியர்." தலையைத் தூக்கினாள். "பதினாறா?"

"வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கு. வாட் வரும்."

"மூவாயிரத்து அறுநூத்துச் சொச்சம். ஆனா அடியில ஆயிரம்னு போட்டிருக்கே. கெட்டில் பொய் சொல்லுதா?"

"இல்லை. வேற ஊர் உண்மையைச் சொல்லுது. எத்தனை வோல்ட் குடுத்தா இது ஆயிரம் வாட் எடுக்கும்?"

அவள் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"நூத்தி இருபது."

"அமெரிக்காவுல சுவர்ல வர்றது அதுதான்."

மேக்னா கெட்டிலை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, கரியைத் தேய்த்தாள். ஆயிரம் வாட்டுக்கு மேலே இன்னொரு வரி எழும்பி வந்தது. 120 வோல்ட்.

"எச்சில் தொட்டுத் துடைச்சா தெரியுது சார். பாட்டரி எதுக்கு?"

அவள் வழக்கம்போலத்தான் சொன்னாள். குருபிரசாத்தின் காது மடல்கள் சூடாயின. மின்பொறியியலில் பட்டம் வாங்கியவர். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கருகிய வீடுகளைப் பார்த்தே முடி நரைத்தவர். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்திருக்கலாம்.

"ஒரு சந்தேகம் சார். வோல்ட் ரெண்டு மடங்குதான். வாட் எப்படி நாலு மடங்கு ஆகுது?"

"வோல்ட் ரெட்டிப்பானா அதே கம்பியில ஆம்பியரும் ரெட்டிப்பாகும். ரெண்டையும் பெருக்கணும். ரெண்டு ரெண்டு நாலு."

"ஆறு ஆம்பியர் பாயிண்ட்ல பதினாறு." அவள் விசிலடிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். "ஆனா அங்க ட்ரிப் ஆகலையே?"

"அந்த வீட்ல இன்னும் பழைய ஃப்யூஸ். அடிக்கடி போகுதுன்னு யாரோ தடிச்ச கம்பி போட்டு வச்சிருக்கான். போட்டோல இருக்கு."

"எல்லாமே போட்டோல இருக்கு. நாமதான் பாக்கலை."

நாம என்றாள். அது அவள் பெருந்தன்மை.

அவள் போனில் அன்று எடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். சமையலறைப் படத்தில் நின்றாள். மேடைக்கு அடியில் மஞ்சளாக ஒரு இரும்புப் பெட்டி. முன்பக்கத்தில் தட்டையான இரண்டு துளைகள்.

"இதை ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர்னு சொன்னீங்க."

"தப்பு. வோல்ட்டைப் பாதியாக் குறைக்கற பெட்டி அது. அமெரிக்கச் சாமான் வாங்கிட்டு வர்றவங்க வீட்ல இருக்கும். விஜயலக்ஷ்மி என்ன சொன்னாங்க? வாசி."

விஜயலக்ஷ்மி ஜெய்ராமின் மனைவி. மேக்னா அவள் சொன்னதை அப்படியே போனில் தட்டி வைத்திருந்தாள். வாசித்தாள். "சாவித்திரிதான் தினம் எனக்கு கிரீன் டீ போட்டுத் தருவா. அந்த மஞ்சள் பெட்டியில சொருகி."

"தினம் பெட்டியில சொருகறவ அன்னைக்கு மட்டும் ஏன் சுவர்ல சொருகணும்?"

"பெட்டியை எடுக்க முடியலைன்னா?"

அதற்குப் பதில் இருவருக்கும் தெரியும். தீப்பிடித்த அன்று ஜெய்ராமின் அப்பா திவசம். விடிந்ததிலிருந்து சமையலறை மடி. தலைக்குக் குளித்து ஈரப்புடவையோடு நின்ற விஜயலக்ஷ்மியும், திவசச் சமையலுக்கென்று வந்த ஒரு மாமியும் தவிர யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. வெங்காயக் கூடை, மிக்ஸி, கெட்டில் எல்லாவற்றையும் முந்தின நாளே பின்னறைக்கு அனுப்பிவிட்டார்கள். சாவித்திரியையும் பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்து பாத்திரம் தேய்க்கக் கூப்பிடும்வரை அவள் பால்கனியில் உட்கார வேண்டும். மஞ்சள் பெட்டி மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. கனம். அதைச் சமையல் சாமானாக யாரும் நினைக்கவில்லை.

குருபிரசாத் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பாயிண்டிலிருந்து பெயர்த்தெடுத்த கட்டி ஒன்று பிளாஸ்டிக் பையில் இருந்தது. உருகி, கறுத்து, ஒரு சின்னக் கத்திரிக்காய் அளவில். ராடின் பிளக் என்று அவர் எழுதியது இதைத்தான். ராடில் பிளக் இல்லை, கெட்டிலைப் போலவே அதன் ஒயரும் அறுந்திருந்தது. கெட்டில் கணக்கில் வராததால் இது ராடினுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினார்.

இடுக்கியால் அழுத்தினார். கட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே இரண்டு உருண்டைக் குச்சிகள். இரண்டு தட்டைத் தகடுகள். ஓரத்தில், நசுங்காமல், ஒரு சதுரத் தகரக் கூடு.

மேக்னா குனிந்து பார்த்தாள்.

"யுஎஸ்பி." நிமிர்ந்தாள். "வெந்நீர் ராடுல போன் சார்ஜ் பண்ண முடியாது சார்."

"டிராவல் அடாப்டர். அமெரிக்கத் தட்டைக் குச்சியை நம்ம உருண்டைத் துளையில சொருக வைக்கற சாமான்."

"அமெரிக்கா போயிட்டு வர்றவங்க பெட்டியில இருக்கறது."

"விஜயலக்ஷ்மி ஈரப்புடவையோட உள்ள இருந்தாங்க. மடியா இருக்கறவங்க அந்த வெங்காயக் கூடைப் பக்கமே வர மாட்டாங்க. மீதி யாரு?"

"ஜெய்ராம்," என்றாள் மேக்னா. ஒரு பெங்காலிக் கெட்ட வார்த்தையை மெல்லச் சொன்னாள்.

*

பைபாஸில் ஊர்ந்தது டாக்ஸி. வழியெங்கும் துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் நட்டிருந்தார்கள். குருபிரசாத் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். சாவித்திரியை அவர் விசாரித்தது எப்படி என்று நினைத்துப் பார்த்தார். ராடு போட்டாயா இல்லையா. நேராகப் பதில் சொல். போட்டாயா இல்லையா. அவள் ஏதோ ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஜெய்ராம் ஒத்துக்கலைன்னா?" என்றாள் மேக்னா.

"ஒத்துக்குவார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அன்னைக்கு நான் அவ பேரைச் சொன்னப்ப, அந்த ஹால்ல எல்லாரும் அவளைப் பார்த்தாங்க. அவர் ஒருத்தர்தான் தரையைப் பார்த்தார்."

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே சார்."

"அன்னைக்கு அதுக்கு அர்த்தம் தெரியலை."

ஜெய்ராம்தான் கதவைத் திறந்தார். ரிடையரான பேங்க் அதிகாரி. சலவை வேட்டி, நெற்றியில் விபூதி. சமையலறையிலிருந்து தாளிக்கும் சத்தம் வந்தது.

"யாருன்னா?" என்றாள் விஜயலக்ஷ்மி உள்ளிருந்து.

"சொசைட்டி விஷயம். நீ பாரு உன் வேலையை." குரலைத் தாழ்த்தினார். "வாங்கோ. இப்படிப் பின்னால போயிடலாம்."

பின்னறையில் புதுச் சுண்ணாம்பு வாடை. ஜன்னலுக்கு மேலே மட்டும் கறுப்பு இன்னும் போகவில்லை. ஜெய்ராம் கதவைச் சாத்தினார்.

மேக்னா பிளந்த கட்டியை நாற்காலியில் வைத்தாள்.

"உங்க டிராவல் அடாப்டர் எங்க சார்?" என்றார் குருபிரசாத்.

"பெட்டியில இருக்கும்."

"கொண்டு வாங்க."

ஜெய்ராம் அசையவில்லை. தாளிப்புச் சத்தம் அடங்கியது. அவர் கதவைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார்.

"அது வோல்ட்டையும் மாத்தும்னு நினைச்சேன்," என்றார்.

"குச்சியைத்தான் மாத்தும்."

"போன், லேப்டாப், ஷேவர் எல்லாம் ஸ்னேகா ஆத்துக்குப் போறச்சே அதுலதான் சொருகறேன். ஒண்ணும் ஆனதில்லையே." ஸ்னேகா அவருடைய மகள், நியூ ஜெர்சியில் இருப்பவள்.

"அதெல்லாம் ரெண்டு ஊர் வோல்ட்டும் தாங்கற மாதிரி செஞ்சது. கெட்டில் அப்படி இல்லை."

"சட்டுனு கொதிச்சுது. நல்ல கெட்டில்னு நினைச்சேன்."

"எதுக்குக் கொதிக்க வச்சீங்க?"

ஜெய்ராம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். 

"சுகரா சார்?" என்றாள் மேக்னா. குரலில் கிண்டல் இல்லை. அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிடத்தான் கேட்டாள்.

அவர் அதில் நுழையவில்லை. "சுகரெல்லாம் இல்லம்மா. பசி. திவசம் பண்ணி வைக்கற வாத்தியார் டிராஃபிக்ல மாட்டிண்டார். மணி ஏறிண்டே போச்சு. ஸ்னேகா வாங்கி வச்சுட்டுப் போன கப் நூடுல்ஸ் இங்கே அலமாரியில இருந்தது. திவசத்துக்குக் கர்த்தா நான். பிராமணாள் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் நான் வாயில ஜலம் விடலாம். பசிச்சுது. சாப்பிட்டேன்."

"வெங்காயம், பூண்டு?"

"எல்லாம் இருந்தது."

கதவுக்கு வெளியே கொலுசுச் சத்தம் வந்து போனது. ஜெய்ராம் அது போகும்வரை காத்திருந்தார்.

"காபிக்கு இன்னொரு தடவை போட்டேன். அப்போ பெல் அடிச்சுது. சீதாராமன் மாமா வந்துட்டார். அப்படியே போட்டுட்டு ஹாலுக்கு ஓடினேன். இந்த ஊர்ல திவசத்துக்கு உக்கார பிராமணாள் கிடைக்கறதில்லை. அதனால மாமாவே பித்ரு ஸ்தானத்துல உக்காரறேன்னு வந்திருந்தார். தீ அணைஞ்சப்புறம் வாத்தியார் வந்தார், நிறுத்த வேண்டாம்னார். மாமாவை என் அப்பாவா வரிச்சு, காலை அலம்பி, எலை போட்டேன். இந்தக் கையாலதான். இந்த வாயாலதான் மந்திரம் சொன்னேன்."

"அதனால சாவித்திரி பேரு வந்தப்ப சும்மா இருந்துட்டீங்க."

"நீங்கதானே சார் சொன்னேள்? ராடு, ரெண்டாயிரம் வாட், எத்தனையோ ஆம்பியர்னு. நீங்க படிச்சவா. அப்படியும் இருக்குமோன்னு ஒரு நிமிஷம் நானே நினைச்சேன்."

 பொய்யைச் செய்து கொடுத்தது குருபிரசாத். ஜெய்ராம் வாங்கி உடுத்திக்கொண்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

"சட்டையை மாட்டுங்க," என்றார். "கார்டன் ரீச் போறோம், சாவித்திரி வீட்டுக்கு."

"இப்பவா?"

"நாலு மணிக்கு அவ ஸ்டேஷன்ல இருக்கணும்."

ஜெய்ராம் கதவைத் திறந்தார். சமையலறை வாசலில் நின்று, உள்ளே போகாமல், "கொஞ்சம் வெளியில போயிட்டு வரேன் விஜி," என்றார். எதற்கு என்று அவள் கேட்டாள். அவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

*

கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸ். சிவப்புச் செங்கல், பச்சைக் கதவுகள். சாவித்திரியின் கணவன் பன்னீர்செல்வம் ரயில்வேயில் ஃபிட்டர். லீவு போட்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆதார் கார்டின் ஜெராக்ஸ். ஸ்டேஷனுக்குக் கிளம்பி நின்றவன், வாசலில் மூன்று பேரைப் பார்த்ததும் முகம் இறுகினான்.

"இன்னும் என்ன மிச்சம்?"

"நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றார் குருபிரசாத். டாக்ஸியில் வேறு வாக்கியங்கள் யோசித்து வைத்திருந்தார். அவை வரவில்லை.

பின்னாலிருந்து சாவித்திரி வந்தாள். வலது கையில் கட்டு. ஜெய்ராமைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வாங்க அய்யா. அம்மா நல்லாருக்காங்களா?"

ஜெய்ராம் தலையை ஆட்டினார்.

குருபிரசாத் சொல்ல ஆரம்பித்தார். கெட்டில், நூற்று இருபது வோல்ட், பதினாறு ஆம்பியர். பாதியில் அவருக்கே தன் குரல் வெட்கமாக இருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தை மறுபடி கடைவிரிப்பதுபோல. "தீ வச்சது ராடு இல்லை. நீயும் இல்லை," என்று சுருக்கினார்.

"தெரியும் சார்," என்றாள் சாவித்திரி.

"என்ன தெரியும்?"

"அய்யாதான்னு தெரியும்."

மேக்னா கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள்.

"பால்கனியில உக்காந்திருந்தேன். உள்ளாற பூண்டு வாசனை. திவசத்தன்னைக்கு யாருடா இதுன்னு ஜன்னல்ல பாத்தேன். அய்யா முதுகு தெரிஞ்சுச்சு. பசி போலன்னு திரும்பிக்கிட்டேன். அப்புறம் புகை. ஓடிப் போயி திரையை இழுத்துப் போட்டு மிதிச்சேன். எல்லாரும் ஓடி வர்ற சத்தம் கேக்குது. மேசை மேல அந்த டப்பா பாதி மிச்சமா நிக்குது. அம்மா பாத்தா என்னாவாங்க? எடுத்து என் பையில போட்டுக்கிட்டேன். பையெல்லாம் குழம்பு."

"பையை அணைச்சுக்கிட்டு ஓடினே," என்றார் குருபிரசாத். அவருடைய ரிப்போர்ட்டில் அது மூன்றாவது காரணம்.

"சாயும்ல? உல்டாடாங்கா ரயில்வே ஸ்டேஷன் குப்பையில போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க ராடு போட்டியான்னுதானே கேட்டீங்க? போடலைன்னு சொன்னேன்." அவள் ஜெய்ராமைப் பார்க்காமல், கட்டுத் துணியின் முடிச்சைச் சரிசெய்தாள். "அய்யாவே சொல்லிருவாருன்னு இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் சொல்லுவாரு, மறுநாள் சொல்லுவாருன்னு."

  எல்லாம் தனக்கு மட்டுமே தெரியும் என்று இத்தனை நாள் இருந்தவர் ஜெய்ராம். இன்னொருத்திக்கும் தெரிந்திருந்தது. அவள் அதைப் பையில் சுமந்துகொண்டு போயிருக்கிறாள்.  

"மாஷி, உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றாள் மேக்னா. வீட்டு வேலைக்கு வருபவர்களை இந்த ஊரில் அப்படித்தான், சித்தி என்று, கூப்பிடுவார்கள். அவள் சாவித்திரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பன்னீர்செல்வம் மனைவியைப் பார்த்தான். அவனுக்கும் இது புதிது.

"எங்கிட்டகூடச் சொல்லலையேடி."

"சொன்னா நீ அங்க போயிச் சத்தம் போடுவே."

"போட்டிருப்பேன்."

ஜெய்ராம் கைகளைக் கூப்பினார். "சாவித்திரி, நாளைக்கே வேலைக்கு வந்துடு. எல்லாம் பழையபடி—"

"இருங்க சார்," என்றான் பன்னீர்செல்வம். சத்தம் போடவில்லை. "இங்க வந்து கும்பிட்டா ஆச்சா? இது எங்களுக்குத் தெரிஞ்ச கதை. அங்க யாருக்கும் தெரியாது. அஞ்சு வீட்ல இவளை வாசல்லயே நிறுத்திட்டாங்க. ஒரு வீட்ல பீரோவைச் சரிபார்த்துட்டுச் சொல்றோம்னாங்களாம்."

"நான் ரிப்போர்ட்டை மாத்தி எழுதித் தர்றேன்," என்றார் குருபிரசாத். "சீதாராமனுக்கு இப்பவே போன் போடறேன்."

"நீங்க சொன்னா அது இன்னொரு துப்பு சார். போன வாரம் ஒண்ணு, இந்த வாரம் ஒண்ணு. அடுத்த வாரம் என்ன சொல்வீங்களோ." அவன் ஜெய்ராம் பக்கம் திரும்பினான். "இவரு சொல்லட்டும்."

குருபிரசாத் எடுத்த போனைத் திரும்பப் பாக்கெட்டில் வைத்தார். அவன் சொன்னதில் தப்பில்லை.

"சீதாராமன் மாமாகிட்டயா?" என்றார் ஜெய்ராம்.

"புகார் குடுத்தவரு அவருதானே?"

"மத்தவா யார்கிட்ட வேணாலும் சொல்றேன். மாமா அன்னைக்கு எங்காத்துல அப்பா ஸ்தானத்துல உக்காந்து..." முடிக்கவில்லை. "கெட்டில் ரிப்பேர்னு சொல்லிக்கலாமா? கெட்டில் தானா எரிஞ்சுதுன்னு?"

அவர் கேட்டது சாவித்திரியை. அவள் உதவுவாள் என்று எதிர்பார்த்ததுபோல இருந்தது. அவள் இந்தமுறை உதவவில்லை. உள்ளே போய், சுவரோரம் சார்ஜில் கிடந்த போனைப் பிடுங்கி எடுத்துத் தன் பையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசற்படியில் வந்து நின்றாள்.

"நாலு மணிக்கு வரச் சொன்னாங்க. டாக்ஸி கிடைக்குமோ என்னமோ. நாங்க கிளம்பணும் அய்யா."

ஜெய்ராம் போனை எடுத்தார். சீதாராமனின் எண்ணை அழுத்தினார். மணி போனது. காதருகே கொண்டுபோனார். பன்னீர்செல்வம் கையை நீட்டி, மரியாதையாகவே, ஸ்பீக்கரை அழுத்திவிட்டான்.

அந்தச் சின்ன முன்னறையில் சீதாராமனின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"சொல்லு ஜெய்ராம். நானும் ஸ்டேஷனுக்குத்தான் கிளம்பிண்டிருக்கேன். என்ன, அந்தப் பொம்மனாட்டி ஒத்துண்டுட்டாளா?"